கண்ணாடிப் பெட்டியில் ஒரு மூச்சு

ஆடிக்காற்று கம்பம் ஊரையே புரட்டிப் போட்டுக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் சாஜிதாக்காவின் வீட்டு வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தினேன். ராயப்பன்பட்டியிலிருந்து வந்து சேர்வதற்குள் பல்லிடுக்கு வரைக்கும் மண். வாசலில் ஒரு கார் டிக்கியைத் திறந்தபடி நின்றது. அக்காவின் தங்கை மகன் ரஃபி பெட்டிகளை உள்ளே திணித்துக்கொண்டிருந்தான். இவா என்கிற என்னை அவன் இவாக்கா என்றுதான் கூப்பிடுவான்.

“வாங்க இவாக்கா. பேறுகாலம் பாக்கப் போற வண்டி மாதிரியா இருக்கு? வீட்டக் காலி பண்ணிட்டுப் போற மாதிரி இருக்கு” என்றான். “பெரியம்மா அந்த ரூம்லதான் இருக்காக. காலைலருந்து ‘இந்தா வந்துட்டேன், இந்தா வந்துட்டேன்’ங்கிறாக. நீங்க போயி இழுத்துட்டு வந்தாத்தான் உண்டு.”

அக்காவின் மகள் சாபிராவுக்குத் தொடுபுழாவில் தலைப்பிரசவம். முறைப்படி அவள்தான் தாய்வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதால் அக்கா அங்கே போகிறாள்; திரும்பும்வரை அவள் செடிகளைப் பார்த்துக்கொண்டு நான் இங்கே தங்குவதாக ஏற்பாடு. ஏன் என்று நான் கேட்கவில்லை. அடுத்தவர் வீட்டு ஏன்களுக்குள் நுழையாமல் இருப்பதை ஒரு நாகரிகம் என்று நினைத்திருந்தேன். அம்மா போனபிறகு எனக்கென்று யாரும் இல்லை. எனக்காக எந்த வீட்டிலும் யாரும் காத்திருக்கவில்லை. அந்த வெறுமையைச் சுதந்திரம் என்று கூப்பிடப் பழகியிருந்தேன். நினைத்தால் பூட்டிக்கொண்டு கிளம்பலாம். அக்கா திரும்பி வந்ததும் வயநாட்டுக் காட்டுக்குப் போவதாக இருந்தேன். கண்ணாடிக்குள்ளேயே கொடிகளைப் பார்த்துப் பழகியவள், ஒரு கொடி காட்டில் மரத்தைப் பற்றிக்கொண்டு எப்படி ஏறும் என்று ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும்.

என்னையும் அக்காவையும் சேர்த்து வைத்ததும் கொடிகள்தான். எங்கோ தூரதேசத்து மழைக்காடுகளில் படர்கிற ஜாதிகள். எங்கள் பள்ளத்தாக்கின் காற்று ஒரு மத்தியானம் பட்டால் கருகிவிடும். அவற்றைக் கண்ணாடிப் பெட்டிகளில் ஈரப்பாசி பரப்பி, ஃபாகர் கருவியால் புகைபோல நீராவி விட்டு வளர்ப்போம். ஒரு கணுவும் ஒரு இலையுமாக வெட்டிப் பார்சலில் அனுப்பி வாங்கிக்கொள்வோம். பூக்காது, காய்க்காது. “கொழம்புல போடக்கூட ஆகாத செடிக்கு ஏசி ரூமு” என்று ரஃபி கிண்டல் செய்வான்.

உள்ளே போனேன். முன்கட்டில் இன்னும் ஏலக்காய் வாசனை. அக்காவின் கணவர் உமர் பாருக் ஏலக்காய் வியாபாரி. அவர் இறந்து சில வருடங்கள் ஆகியும் அந்த வாசனை சுவரைவிட்டுப் போகவில்லை. பின்னறையின் கதவைத் தள்ளியதும் வெதுவெதுப்பான ஈரம் முகத்தில் மோதி என் மூக்குக்கண்ணாடி வெள்ளையாக மூடிக்கொண்டது. கொடி வளர்க்கிற கண்ணாடிக்காரர்கள் எல்லோருக்கும் இந்தத் தொல்லை உண்டு. முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டேன்.

சன்னல்களை பிளாஸ்டிக் தாளால் அடைத்திருந்தார்கள். சுவரோரம் கண்ணாடிப் பெட்டிகள், உள்ளே பச்சை வெளிச்சம். நடுவில் ஒரு ஒற்றைக் கட்டில், சுருக்கமில்லாமல் விரித்த படுக்கை. கட்டிலின் தலைமாட்டில் இடுப்பளவு உயரத்தில் ஒரு மிஷின் மூச்சிரைத்துக்கொண்டிருந்தது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தருகிற மிஷின். நோய் வந்து நுரையீரல் கெட்டுப்போன உமர் பாருக்கை அதன் துணையோடுதான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அதே கட்டிலில் பல மாதம் கிடந்து அங்கேயே இறந்தார். மிஷினின் முன்பக்கத்தில் மாட்டிய தண்ணீர் பாட்டிலில் குமிழிகள் ஓயாமல் கொப்பளித்துக்கொண்டிருந்தன. அதிலிருந்து கிளம்பிய மெல்லிய டியூப் தரையில் ஓடி, மிகப்பெரிய கண்ணாடிப் பெட்டியின் பக்கவாட்டுத் துளைக்குள் நுழைந்தது.

அந்தப் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்து நின்றிருந்தாள் அக்கா.

“மத்தது எல்லாம் வாடினாலும் பரவால்ல, இவா. இத மட்டும் நிப்பாட்டிராத” என்றாள். “பாட்டில்ல தண்ணி கொறைய விடாத. கரண்ட்டு போனா இன்வெர்ட்டர் எடுத்துக்கும். ஃபில்டர்ல தூசி சேந்தா மட்டும் கழுவிப் போடு.”

“ஃபாகர் வச்சாப் போதுமேக்கா. இதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய மிஷின்?”

அவள் என்னைப் பார்க்கவில்லை.

“அவுக மவுத்தானதுக்கு அப்புறம் இது ஒண்ணொண்ணா எலைய உதுத்துச்சு. அவுக ஆசையாக் கொண்டாந்தது. ஒருநா ஏதோ நெனப்புல டியூபத் தூக்கி உள்ள விட்டேன். மறுவாரமே தளிர் விட்டுருச்சு.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள்: “சீக்கிரம் வந்துர்றேன்.”

அது என்னிடம் சொன்னது அல்ல.

*

அந்தக் கொடியைப்போல ஒன்றை நான் வளர்த்ததில்லை. பெட்டிக்குள் நிறுத்திய மரப்பலகையில் ஒவ்வொரு இலையும் ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக்கொண்டு ஏறியிருந்தது. நகம் நுழைக்கக்கூட இடைவெளி இல்லை. மீன் செதிலைப் பலகையில் ஒட்டிவைத்தாற்போல. உச்சிக்குப் போனபிறகுதான் இலைகள் பிடியை விட்டு, அகன்று, ஓட்டை ஓட்டையாக விரியும். அப்படி விரிந்த இலையை யாரும் வீட்டுக்குள் சுலபமாகப் பார்க்க முடியாது. இங்கே உச்சியில் ஒரு கொத்தே விரிந்திருந்தது.

விரிந்த இலைகள் எல்லாம் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி, கட்டில் பக்கம் திரும்பியிருந்தன.

செடி வளர்க்கிறவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வைத்திருக்கத் தெரியும். மிஷின் காற்று வருகிற திசை என்று சொல்லிக்கொண்டேன். பாசியை நனைத்தேன், மற்ற பெட்டிகளைத் திறந்து பூஞ்சை பிடித்த இலைகளைக் கிள்ளினேன், பாட்டிலில் தண்ணீர் ஊற்றினேன். வெளியே காற்று தகரக் கூரைகளை உலுக்கியது. உள்ளே குமிழிச் சத்தம், மிஷினின் இரைப்பு, பழைய பிளாஸ்டிக் டியூபின் ஆஸ்பத்திரி வாசனை. மத்தியானச் சாப்பாட்டைக்கூடத் தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு அந்தக் கட்டில் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். தனியாகச் சாப்பிடுகிற உணர்வு வரவில்லை. அதை நான் கவனித்தேன். கவனித்ததை ஒதுக்கியும் வைத்தேன்.

பெரிய பெட்டியின் கண்ணாடியில் ஆவி படரும், கலையும். ஈரப்பெட்டிகளில் அது சகஜம். ஆனால் நாள் முழுக்க அதன் எதிரில் இருந்ததில் ஒன்று புரிந்தது. ஆவி மிஷினின் தாளத்தில் படரவில்லை.

மிஷின் வேகமானது. இது நிதானம்.

ஆவி ஒரே சீராக, மெல்லப் படரும். கலையும்போது மட்டும் பாதியில் ஒரு தடை. எதையோ விழுங்குவதுபோல ஒரு கணம் நிற்கும். பிறகு முழுவதும் கலையும். மறுபடி படரும்.

சாயங்காலம் பக்கத்துத் தையல்கடைச் சத்தம்கூட நின்று தெரு அடங்கியபோது, என் மூச்சும் அதே தடையோடு போய்வருவதைத் திடுக்கிட்டுக் கண்டுபிடித்தேன். எழுந்துபோய் முன்னறையில் படுத்தேன். அதற்குப்பிறகு தூங்குவதற்கு அந்த அறைப்பக்கம் போகவில்லை.

*

குழந்தை பிறந்த செய்தியோடு சாபிராவின் போன் வந்தது. ஆண் பிள்ளை. வாழ்த்துச் சொன்னேன். அவள் குரலில் சந்தோஷம் இல்லை.

“அம்மா குளிக்கப் போயிருக்காக. அதான் கூப்புட்டேன். ஆண்டி, உங்களால ஒரு காரியம் ஆகணும். அந்த மிஷின நிப்பாட்டிருங்க.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு பின்னறைக் கதவைப் பார்த்தேன்.

“பிள்ளைய மடில வச்சுக்கிட்டே அம்மா வாசலப் பாக்குறாக. ‘நாளைக்குப் போயிரட்டா, நாளைக்குப் போயிரட்டா’ன்னு நச்சரிக்கிறாக. அத்தா போனதுலருந்து ஒரு கல்யாணத்துக்குப் போனதில்ல, ஒரு மவுத்துக்குப் போனதில்ல. என் கல்யாணத்துலயே மத்தியானத்துக்கு மேல மண்டபத்துல இல்ல. அந்த மிஷின் ஓடுற வீட்டுக்குள்ள என் பிள்ளைய நான் கொண்டுவர மாட்டேன். அம்மாவும் அத விட்டு வரமாட்டாக. நான் என்ன செய்ய, சொல்லுங்க?”

“அம்மாகிட்டயே சொல்லிப் பாரும்மா.”

“ஒண்ணு சொல்லவா?” அவள் குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. “அத்தா மூச்சு அடங்கினப்ப நான்தான் பக்கத்துல இருந்தேன். அம்மா தொழுதுக்கிட்டு இருந்தாக. அதுக்கு முன்னால பல நாளாவே டியூப எடுத்துருன்னு கைய ஆட்டிக்கிட்டே இருந்தாக அத்தா. அம்மா விடல. ‘இன்னும் கொஞ்சம் பொறுங்க, இன்னும் கொஞ்சம் பொறுங்க’ன்னு மூக்குல திருப்பித் திருப்பி மாட்டினாக. அதே டியூபுதான் ஆண்டி இப்ப செடிக்குப் போகுது.”

போனை வைத்தபிறகு பின்னறை வாசலில் வெகுநேரம் நின்றேன். இது என் வீடு அல்ல, என் கணவர் அல்ல. எதிலும் மாட்டிக்கொள்ளாமல் வாழ்ந்துவிட்ட என்னிடம் வந்து இதைக் கேட்கிறாளே என்று கோபம்கூட வந்தது. ஆனால் கண்ணாடியில் கலையும்போது தடுக்கிற அந்த ஆவியைப் பார்க்கப் பார்க்க, ஒரு மனிதர் கையை ஆட்டிக்கொண்டே இருப்பதுபோல இருந்தது.

பள்ளிவாசலில் மத்தியானத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லி முடிந்தது.

சுவிட்சை அணைத்தேன்.

மிஷின் ஒரு நீண்ட கீச்சொலி எழுப்பி அடங்கியது. குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வந்து உடைந்தன. கடைசிக் குமிழி உடைந்தபிறகு அந்த அறையில் அத்தனை வருடம் இல்லாத அமைதி.

கண்ணாடி முழுவதும் தெளிந்தது. கொடி துல்லியமாகத் தெரிந்தது.

அறியாமல் சிலுவைக்குறி போட்டுக்கொண்டேன். “போயிட்டு வாங்க பாய்” என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

அப்போது கண்ணாடியில் ஆவி படர்ந்தது.

உள்ளே மிச்சமிருக்கிற ஈரம் என்று நினைத்தேன். துடைக்க வராது என்று தெரிந்தும் பழக்கத்தில் கையை வைத்துத் துடைத்தேன்.

துடைக்க வந்தது.

என் விரல்கள் போன வழியெல்லாம் தெளிவாகக் கோடு விழுந்தது. விரல் நுனி நனைந்திருந்தது.

ஆவி வெளிப்பக்கம் இருந்தது.

என் பக்கம்.

பின்னால் நகர்ந்தேன். கட்டில் காலில் இடித்துக்கொண்டு நின்றேன். அறையில் எதுவும் அசையவில்லை. ஏலக்காயும் தைலமும் கலந்த ஒரு வெம்மை கன்னத்தருகே வந்தது. மூக்குக்கண்ணாடியின் இடதுபக்கம் மட்டும் மெல்ல மங்கியது.

பாதி மங்கி நின்றது.

பிறகு முழுவதும்.

தெருவுக்கு ஓடி வந்துவிட்டேன். காற்று மண்ணை அள்ளி முகத்தில் அடித்தது. அந்த மண்ணை அவ்வளவு ஆசையாக நான் என்றும் வாங்கிக்கொண்டதில்லை. எதிர்வீட்டு வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து, “என்னங்கக்கா, பாம்பு கீம்பு வந்துருச்சா?” என்றாள். இல்லை என்று தலையாட்டிச் சிரித்தேன். கண்ணாடி தெளிந்திருந்தது.

அங்கேயே நின்று அக்காவுக்குப் போன் செய்தேன். கரண்ட் ஏறி இறங்கியதில் மிஷின் போய்விட்டது என்று பொய் சொன்னேன்.

மறுமுனையில் குழந்தை சிணுங்குவது கேட்டது.

“அந்த நேரம் நீ பக்கத்துல இருந்தியா?”

“இருந்தேன்க்கா.”

“பக்கத்துலயா?”

“ஆமாக்கா. பக்கத்துலயே.”

மவுத்துச் செய்தி கேட்டால் சொல்கிற வார்த்தையை அவள் முணுமுணுத்தாள். பிறகு அழுதாள். அழுகைக்குப் பிறகு வந்த குரல் எனக்குத் தெரிந்த சாஜிதாக்காவின் குரல்போலவே இல்லை. வயது குறைந்திருந்தது.

“பிள்ளைக்கு நாப்பது நாள் கழியட்டும், மெதுவா வாரேன். மிஷின ரஃபிகிட்டக் குடுத்துரு. அந்தச் செடிய நீயே வச்சுக்க, இவா.”

*

பலகையோடு கொடியைக் கொண்டுவந்து ராயப்பன்பட்டியில் என் படுக்கையறைப் பெட்டியில் வைத்தேன். ஃபாகர் வைத்தேன். கொடி வாடவில்லை, தளிர்க்கவும் இல்லை. பலகையை இறுகப் பிடித்துக்கொண்டு எதற்கோ காத்திருந்தது.

ஞாயிறு பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்தியபோது என் மூக்குக்கண்ணாடியின் இடது வில்லை மங்கியது. பாதியில் நின்றது. பிறகு முழுவதும் மங்கித் தெளிந்தது. சின்னமனூர் பஸ்ஸில், சன்னலோரத்தில், அனல் காற்று அடிக்கும்போதே மங்கியது. கண்ணாடியைக் கழற்றினால் இமைமேல் வெதுவெதுப்பாகப் பட்டது. பயம் ஒருவிதத்தில் பழகிவிடும் என்று அப்போது தெரிந்துகொண்டேன். நான் தாங்கமாட்டாமல் போனது பயத்தை அல்ல. நாளாக ஆக அந்த மூச்சு மெலிந்துகொண்டே வந்தது. தடைகள் நீண்டன. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், அடுத்தது வருமா வராதா என்று கையில் சோற்றோடு காத்திருப்பேன். அம்மாவின் கடைசி வாரத்தில்கூட நான் ஒருவருக்காக இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை.

ரஃபியைக் கூப்பிட்டு, மிஷினைக் கொண்டுவரச் சொன்னேன்.

“அக்கா, உங்களையும் அந்தச் செடி மயக்கிருச்சா?” என்று சிரித்தபடியே இறக்கி வைத்தான். சுவிட்சைப் போட்டதும் நல்லாவே ஓடியது. “கெட்டுப்போச்சுன்னீக?” என்றான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

டியூபைப் பெட்டிக்குள் விட்டேன். மூச்சு கண்ணாடிக்குத் திரும்பியது. நிதானமாக, பெரிதாகப் படர்ந்தது. மறுவாரம் கொடி தளிர் விட்டது. வயநாட்டுப் பயணத்தை ஏற்பாடு செய்த கார்த்திக்ராஜ் போன் செய்து, “மேடம், வேன் வருது, உங்க சீட் இருக்கு” என்றார். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். கடைக்குப் போனாலும் சீக்கிரம் திரும்பிவிடுவேன். கிளம்பும்போது பெட்டியின்மேல் கையை வைத்துச் சொல்லிவிட்டுப் போவேன். என்ன சொல்வேன் என்று எழுத வேண்டியதில்லை.

காற்று ஓய்ந்து, மழைக்கு மேகம் கட்டியிருந்த ஒரு மத்தியானம், சாபிராவோடு கம்பத்துக்குத் திரும்பியிருந்த சாஜிதாக்கா பேரனைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். கன்னம் பூசினாற்போல் இருந்தாள். குழந்தை அவள் தோளில் எச்சில் வடித்துக்கொண்டு தூங்கியது. “ஏலே, மாமிய முழிச்சுப் பாருடா” என்று அவனை உலுக்கினாள். பிறகு மிஷின் சத்தம் அவள் காதில் விழுந்தது.

படுக்கையறைக்குள் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

“மன்னிச்சுக்கக்கா. மிஷின் கெட்டுப்போகல. நான்தான் நிப்பாட்டினேன். ஆனா அவுக போகல. என்கூடயே வந்துட்டாக. மூச்சு முட்டிப்போயிக் கெடந்தாக. அதான் திருப்பியும்...”

அவள் பெட்டியின் கண்ணாடியைப் பார்த்தாள். ஆவி படர்ந்தது, பாதியில் நின்றது, மறுபடி படர்ந்து மூடியது. சீராகக் கலைந்தது. அவள் ஒருமுறை பார்த்தாள். இன்னொருமுறை பார்த்தாள். குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

“இவா” என்றாள் மெதுவாக. “இது அவுக இல்ல.”

“அக்கா?”

“அத்தன மாசம் ராப்பகலா கேட்டவ நான். அவுகளுக்கு மூச்ச இழுக்கும்போதுதான் தடுக்கும். ஆவி கலையும்போது. இது விடும்போதுல்ல, ஆவி படரும்போதுல்ல தடுக்குது?” அவள் பின்வாங்கி வாசலுக்குப் போய்விட்டிருந்தாள். “அவுக அன்னைக்கே போயிட்டாக. இது யாரு?”

காபிகூடக் குடிக்காமல் கிளம்பினாள். ஆட்டோ திரும்பும்போது அவள் தோளில் கண்விழித்த குழந்தை, என்னைத் தாண்டி, எனக்கு இடதுபக்கம் எதையோ பார்த்துக்கொண்டே போனது.

திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். யாரென்றே தெரியாத ஒருவருக்குப் பாட்டிலில் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். யாரென்றே தெரியாத ஒருவரிடம் சொல்லிக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறேன். அவர் பக்கத்தில் தூங்கியிருக்கிறேன்.

மிஷினை அணைத்தேன். குமிழிகள் அடங்கின. கண்ணாடி தெளிந்தது.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சன்னலோர மேஜையில், வெளிச்சத்தில் வைத்தேன். கைகளைக் கட்டிக்கொண்டு, எட்டி உட்கார்ந்து பார்த்தேன்.

வெகுநேரம் ஒன்றுமில்லை.

பிறகு இடது வில்லை மங்கியது. பாதியில் நின்றது. முழுவதும் மூடியது.

அது கலைவதற்குள், வலது வில்லையும் மங்கத் தொடங்கியது. சின்னதாக, அவசர அவசரமாக.

அது வேறொருவரின் மூச்சு.